துயரமும் தோழமையும்

அச்சம், அழுகை ஆகிய இரண்டையும் எண்வகை மெய்ப்பாடுகளுள் வைத்து எண்ணினார் தொல்காப்பியர். அச்சம் பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்று அணங்கு. அதாவது, மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட தெய்வமும் பேயும் போன்றவை. அழுகை பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்று இழவு. அதாவது, உற்றாரை இழத்தல். இவ்விரண்டும் தனித்தனியே நின்று சுவை தருவதைப் பல கதைகளில் கண்டிருக்கிறோம். ஒன்றன் வேர் மற்றொன்றில் கிடப்பதைக் காட்டும் படைப்புகளோ சிலவே. அத்தகைய திரைப்படம் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

‘டாக் டு மீ’ என்பது அதன் பெயர். ‘என்னோடு பேசு’ என்பது பொருள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த இரட்டையர்களான டேனி பிலிப்பூ, மைக்கேல் பிலிப்பூ என்னும் சகோதரர்கள் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. யூடியூபில் குறும்படங்கள் வெளியிட்டுப் பெயர்பெற்றவர்கள் இவர்கள். படம் 2022ஆம் ஆண்டு அடிலெய்டு திரைப்பட விழாவில் முதன்முதல் காட்டப்பெற்றது. 2023இல் பல நாடுகளில் திரையிடப்பெற்றது. கொடுமையான காட்சிகள் உள்ள படமாதலின் பள்ளிச் சிறுவர் காண்பதற்கு உரியதன்று. எனினும், அது எழுப்பும் வினா மாணவப் பருவத்தினர் அனைவருக்கும் உரியது.

கதையின் நடுவே இருப்பது ஒரு கை. மணிக்கட்டுக்குக் கீழே துண்டிக்கப்பட்டு, பீங்கான் போன்ற வெண்ணிறப் பூச்சினுள் அடங்கிய கை அது. மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி, அக்கையைப் பற்றி, ‘என்னோடு பேசு’ என்றால் இறந்தவர் ஒருவர் எதிரே தோன்றுவார். ‘உன்னை உள்ளே விடுகிறேன்’ என்றால் அவ்வாவி உடலுள் புகும். தொண்ணூறு விநாடிகளுக்குள் கையை விடுவித்து மெழுகுவர்த்தியை அணைத்துவிட வேண்டும். தவறினால் ஆவி உடலைவிட்டு நீங்க விரும்பாது. இதுவே விதி.

இத்துணை அஞ்சத்தக்க ஒன்றை இளைஞர்கள் ஏன் தொடுகிறார்கள்? ஆவிகளிடம் கேட்டறிய வேண்டியது அவர்களுக்கு ஒன்றுமில்லை. சுற்றி நின்று சிரிக்கும் கூட்டமே அவர்களைத் தூண்டுகிறது. ஒருவன் துடிக்கும்போது மற்றவர்கள் கைப்பேசிகளை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள். ‘நான் மாட்டேன்’ என்பவன் கோழை எனப்படுவான்; துணிபவன் அன்றிரவின் நாயகன் ஆவான். தம் பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவன் போதைப்பொருள் உட்கொண்டு தரையில் கிடந்து துடித்தபோது, உடனிருந்தோர் உதவாமல் படம் பிடித்துச் சிரித்ததைக் கண்டதும் இக்கதைக்கு ஒரு தூண்டுதல் என்று இயக்குநர் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். ஆகவே, அந்தக் கை நாம் அறிந்த பல தீய பழக்கங்களுக்கு ஓர் உருவகம் என்று கொள்ளலாம்.

கூட்டத்தின் ஆற்றலை அறிவியலும் அளந்து பார்த்திருக்கிறது. சாலமன் ஆஷ் என்னும் உளவியல் அறிஞர் அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றை வெளியிட்டார். கல்லூரி மாணவர் ஒருவருக்கு ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளுள் அதற்கு ஒத்த நீளமுடையது எது என்று கேட்டார். விடை கண்கூடானது. ஆனால், உடனிருந்த மற்றவர்கள் முன்னரே சொல்லி வைத்தபடி ஒரே குரலில் தவறான விடை கூறினர். அவ்வேளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தைப் பின்பற்றித் தவறாக அமைந்தன. ஆயினும், நால்வரில் ஒருவர் ஒருமுறையேனும் வழுவவில்லை. கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னாலும் போதும்; பிழைகள் மிகப் பெரிதும் குறைந்துவிட்டன என்பது அவ்வாய்வு கண்ட மற்றோர் உண்மை.

இனிப் படத்தின் தலைவிக்கு வருவோம். மியா பதினேழு வயதுப் பெண். அவள் தாய் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அது விபத்தா, தாயே தேடிக்கொண்ட முடிவா என்னும் ஐயம் அவள் நெஞ்சை அரிக்கிறது. தந்தை உண்மையை அறிவார். மகளின் மனம் நோகுமே என்று மறைக்கிறார். ஒரே வீட்டில் இருவர் துயருறுகின்றனர், ஒருவரோடொருவர் பேசுவதில்லை. வீட்டில் ஆறுதல் காணாத மியா, தோழி ஜேடின் குடும்பத்தைத் தன் குடும்பமாகப் பற்றிக்கொள்கிறாள். ஊர் இளைஞர் கூட்டமோ அவளை விரும்பி ஏற்பதில்லை. கையைப் பற்ற அவள் முன்வந்த அன்றுதான் எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். அவளுக்காக ஆரவாரம் செய்கிறார்கள்.

படத்தின் உயிர்நிலையான காட்சி இனிமேல்தான் வருகிறது. ஜேடின் தம்பி ரைலி, தானும் கையைப் பற்ற வேண்டும் என்கிறான். அவன் சிறுவன். தமக்கை மறுக்கிறாள். அவள் அவ்விடம் விட்டு அகன்றதும், ஐம்பது விநாடிகள் மட்டும் என்று மியா இசைவு தருகிறாள். அவன் வாய்வழியே பேசும் ஆவி மியாவின் தாயைப் போலப் பேசுகிறது. அவ்வளவுதான்! ‘இன்னும் சற்று’ என்று தடுக்கிறாள் மியா. காலம் கடந்துவிடுகிறது; சிறுவன் தன்னைத் தானே மிகக் கொடிதாகத் தாக்கிக்கொள்கிறான்.

இங்கே குற்றவாளி யார்? கூட்டம் வேடிக்கை விரும்பியது. மியா தாயின் குரலை விரும்பினாள். முன்னது சிறுமை, பின்னது நாம் கண்ணீரோடு மதிக்கும் ஏக்கம். ஆயினும் அந்த விநாடியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தமக்கை நின்றிருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆஷ் கண்ட அந்த ஒற்றைக் குரல் அங்கே இல்லை.

அதன்பின் தாயின் வடிவில் ஓர் ஆவி மியாவைத் தொடர்கிறது. தாய் எழுதிவைத்த கடிதத்தைத் தந்தை இறுதியில் படித்துக் காட்டுகிறார். அதை நம்பாதே என்கிறது ஆவி. தந்தை கூறியது கசக்கும் உண்மை. ஆவி கூறியது இனிக்கும் பொய். மியா இனிப்பதையே நம்பினாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தந்தை அவ்வுண்மையை அவளோடு பகிர்ந்திருந்தால், அந்தக் கை அவளுக்குத் தேவைப்பட்டிராது அன்றோ? படத்தின் முடிவில் மியாவும் இறந்து இருளில் நிற்கிறாள். தொலைவில் ஒரு மெழுகுவர்த்தி. எதிரே நீட்டிய ஒரு கை. அயல்நாட்டு இளைஞர் கூட்டம் ஒன்று அவளை அழைக்கிறது. வேடிக்கை பார்த்தவள் வேடிக்கைப் பொருளாகிவிட்டாள்.

மாணவர்களே, பேய் உண்டா, இல்லையா என்னும் வழக்கை இப்படம் தீர்த்து வைப்பதில்லை. நம்மால் இயலும் இரண்டு செயல்களை அது நினைவூட்டுகிறது. உங்களுள் எவரேனும் உற்றாரை இழந்து வாடினால், அத்துயரை நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடமோ ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள்; சொல்லப்படாத துயரம் தவறான கதவுகளைத் தட்டும். கூட்டம் ஒன்று எவனையேனும் சூழ்ந்து நின்று சிரிக்கும்போது, படம் பிடிக்கும் கையைத் தாழ்த்தி, ‘போதும், நிறுத்துங்கள்’ என்று சொல்லும் ஒருவராக நீங்கள் இருங்கள். ரைலி தவித்த அவ்வேளையில் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கும்.