வாப்பா ஆஸ்பத்திரியில், மகளுக்கு லேப்டாப்: நெருக்கடி நேரத்தில் எப்படித் தேர்வு செய்வது?

சென்ற ஆண்டு ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு, ஒரு தாய் தன் மகளோடு நம் டிரஸ்ட் அலுவலகத்திற்கு வந்தார். கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை முடிந்து இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வகுப்பு தொடங்கப் பத்தே நாட்கள். கையில் ஒரு கடையின் விலைத்தாள் இருந்தது: கேமிங் லேப்டாப், 78,000 ரூபாய், மாமுவின் கிரெடிட் கார்டில் 18 மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’.

"இன்னைக்கே எடுத்தாத்தான் இந்த விலைன்னு சொல்றாங்க. வாப்பா படுத்திருக்கிற நேரத்துல இவ மனசும் வாடிடக் கூடாதுன்னு நினைக்கிறேன். ஆனா கை வரமாட்டேங்குது" என்றார் அந்தத் தாய்.

அந்தத் தயக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. தூக்கமில்லாமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவர், கடையில் நின்று பத்து நிமிடத்தில் பெரிய தொகைக்கு முடிவெடுக்கக் கூடாது. முடிவை வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுத வேண்டும். கடைக்குப் போவது அந்தத் தாளில் உள்ளதை வாங்குவதற்கு மட்டும்தான். அன்று அவர்களோடு உட்கார்ந்து எழுதியவற்றை, இதே நிலையில் உள்ள மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

இப்போதே வேண்டுமா?

சேர்க்கைக் கடிதம் வந்ததுமே லேப்டாப் வாங்கியாக வேண்டும் என்று நினைக்கிறோம். பொறியியல் முதல் செமஸ்டரில் கணிதம், இயற்பியல், ஆங்கிலம் போன்ற பொதுப் பாடங்களே அதிகம். எப்போது, எதற்கு லேப்டாப் தேவைப்படும் என்று அதே துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். கல்லூரியின் கணினி ஆய்வகம் மாலையில் திறந்திருக்குமா என்றும் விசாரியுங்கள்.

அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை என்றால் கல்லூரி அலுவலகத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் நம் பிள்ளை வருகிறதா என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள்.

பணம் எங்கே இருக்கிறது?

நோயாளி இருக்கும் வீட்டில் கையிருப்புப் பணம்தான் பெரிய பலம். மருந்து, பரிசோதனை, போக்குவரத்து, வருமானம் நிற்கும் மாதங்கள் எல்லாவற்றையும் முதலில் எழுதுங்கள். அவற்றுக்கு ஒதுக்கிய பிறகு மீதி இருப்பதுதான் லேப்டாப்புக்கான தொகை. அதைத் தாளின் மேலே பெரிதாக எழுதுங்கள். கூட வரும் உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லோரிடமும் கலந்து பேசுங்கள். ஆனால் கடைசி வார்த்தை யாருடையது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

விளம்பரத்தில் இருபது அம்சங்கள் இருக்கும். ஐந்தைப் பார்த்தால் போதும்.

ரேம்: பி.ஏ., பி.காம். படிப்புக்கும் வீட்டு வேலைக்கும் 8 ஜிபி போதும். கணினி அறிவியல், பொறியியல் என்றால் 16 ஜிபி நல்லது. இப்போது 8 வாங்கினாலும், பிறகு கூட்டிக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேளுங்கள். சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது.

சேமிப்பகம்: எஸ்எஸ்டி இருக்க வேண்டும், 512 ஜிபி என்றால் நான்கு ஆண்டுகளுக்குக் கவலையில்லை. மலிவான சில மாடல்களில் 64 ஜிபி ‘இஎம்எம்சி’ இருக்கும். விண்டோஸ் அப்டேட்டுக்கே அதில் இடம் போதாமல் திணறும்.

பிராசசர்: கோர் ஐ3, ஐ5, ரைசன் 3, ரைசன் 5 என்ற பெயரை மட்டும் பார்க்காமல் எந்தத் தலைமுறை என்றும் கேளுங்கள். பழைய ஐ5-ஐ விடப் புதிய ஐ3 வேகமாக இருப்பதுண்டு. செலரான் இணையம் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் சரி. நான்கு ஆண்டுப் படிப்புக்குத் தாங்காது.

திரையும் எடையும்: ஃபுல் எச்டி, ஐபிஎஸ் திரை கண்ணை உறுத்தாது. தினமும் பஸ்ஸில் சுமக்கும் பிள்ளைக்கு ஒன்றரை கிலோவுக்கும் இரண்டரை கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. கேமிங் லேப்டாப் பெரும்பாலும் கனமாக இருக்கும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு பெரிய 3டி வரைபடம், வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளுக்குத்தான் தேவை.

வாரண்டி: வீட்டுக்கே வந்து சரிசெய்வார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? சர்வீஸ் சென்டர் நம் மாவட்டத்தில் இருக்கிறதா? எம்எஸ் ஆபீஸ் நிரந்தரமாகக் கிடைக்கிறதா, ஓராண்டுக்கு மட்டுமா? ஓராண்டுக்குத்தான் என்றாலும் பயப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

‘நோ காஸ்ட்’ என்றால் வட்டி இல்லையா?

பெயரைப் பார்த்து வட்டியில்லாத் தவணை என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். கிரெடிட் கார்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: வட்டித் தொகையைக் கடைக்காரரோ கம்பெனியோ விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள். மீதியைக் கடனாக வைத்து வங்கி வழக்கம்போல் வட்டி போடும். வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 78,000 ரூபாய்க்கு 18 மாதத் தவணை என்றால், கடன் சுமார் 69,460 ரூபாய். வட்டி சுமார் 8,540 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 1,540 ரூபாய். பிராசசிங் கட்டணம் தனி. ஸ்டேட்மென்டில் வட்டி என்றே எழுதி வரும். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது.

வட்டியைத் தவிர்க்க நினைக்கும் குடும்பங்கள் பெயரைப் பார்த்து ஏமாறாமல், தாளில் உள்ள விவரத்தை ஆலிம்களிடம் காட்டித் தெளிவு பெறுவது நல்லது. கடையிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுப் பணமும் கையில் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" பல நேரங்களில் விலை இறங்கும்.

உறவினரிடம் கர்ளன் ஹஸனாவாக வாங்குவதானால், தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் எழுதி, சாட்சியோடு வைத்துக்கொள்ளுங்கள். கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயம் 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நெருக்கடியில் கொடுத்த கடன் பிற்பாடு உறவை முறிக்காமல் இருக்க இதுவே வழி.

வீட்டில் இருக்கும் பழையது

எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "வாப்பா கடைக் கணக்கு பார்க்கிற லேப்டாப் ஒண்ணு இருக்கு. ரொம்ப ஸ்லோ."

மறுநாள் கொண்டுவரச் சொன்னோம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ரேம் எவ்வளவு, டிஸ்க் எந்த வகை என்று தெரியும். பத்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய வகை ஹார்ட் டிஸ்க். பிராசசரில் குறையில்லை, டிஸ்க்கும் ரேமும்தான் இழுத்துப் பிடித்தன. முதலில் வாப்பாவின் கடைக் கணக்கையும், யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியலையும், குடும்பப் படங்களையும் பென்டிரைவில் நகலெடுத்தோம். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்களும் இதை மறக்கக் கூடாது. போனால் திரும்ப வராது. பிறகு எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டி, விண்டோஸ் 11 ஏற்றினோம். எல்லாம் எட்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கும் இதே சோதனை பொருந்தும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எனவே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். பில்லும், எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய பொருளில் குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்

பிள்ளை மனம் வாடும் என்று பயந்து உண்மையை மறைப்பதுதான் பல வீடுகளில் கடனில் கொண்டுபோய் விடுகிறது. அந்தத் தாய் அன்று மகளிடம் ஆஸ்பத்திரிக் கணக்கு முழுவதையும் காட்டினார். விலைத்தாளைக் கிழித்துப் போட்டது அந்தப் பெண்தான்.

மூன்று வாரம் கழித்து வாப்பாவை மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. அப்போது மாமுவின் கார்டும் வீட்டுக் கையிருப்பும் அவருக்குத்தான் உதவின. அல்ஹம்துலில்லாஹ், இப்போது உடம்பு தேறிக் கடையைத் திறந்துவிட்டார். முதல் செமஸ்டர் முடிந்த விடுமுறையில், அதே தாளை எடுத்துக்கொண்டு வாப்பாவும் மகளும் சேர்ந்து போய், முழுப் பணம் கொடுத்துப் புதிய லேப்டாப் வாங்கி வந்தார்கள். பழையது மறுபடியும் கடைக் கணக்குக்கே போய்விட்டது.

இதே போன்ற நிலையில் இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் ஒருமுறை நம் அலுவலகத்திற்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.