கோப்பைக்குள் ஒரு தாளிப்பு

லண்டன் சோஹோவில், ஃப்ரெட்ஸ் கிளப்பில், 1980களில் டிக் பிராட்செல் உருவாக்கிய காக்டெயில் 'பிராம்பிள்'. சிறுவயதில் வைட் தீவில் புதர்களிலிருந்து பறித்துத் தின்ற பிளாக்பெர்ரிதான் அதற்குத் தூண்டுதல். ஜின் 50 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 12.5, பிளாக்பெர்ரி லிக்கர் 15. மிச்சமெல்லாம் ஐஸ். வீட்டில் செய்யக்கூடிய பழக் காக்டெயில்களில் இதைவிடத் தெளிவாகத் தன் வேலையைக் காட்டுவது வேறில்லை என்பேன்.

ரசம் வைக்கத் தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும். பெருங்காயத்தையும் கறிவேப்பிலையையும் வெறும் தண்ணீரில் போட்டால் மணம் முழுதாக இறங்காது. நெய்யில் பொரித்தால்தான் இறங்கும். மண எண்ணெய்கள் கொழுப்பில் கரைபவை. அவை ஆல்கஹாலிலும் கரையும். ஜூனிப்பர் காய்களின் மணத்தை ஆல்கஹாலில் ஏற்றியதுதான் ஜின், அதாவது ஆயத்தமான தாளிப்பு. ஜூனிப்பருக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலான ஜின்களில் சேர்வது கொத்தமல்லி விதை, நம் ரசப்பொடியில் இருக்கும் அதே விதை. புளியின் இடத்தில் எலுமிச்சை. புளிப்பின் முனையை மழுக்க ரசத்தில் துளி வெல்லம் போடுவோமே, அந்த இடத்தில் பாகு.

ஆனால் ரசம் கொதிக்கிறது. ஆவியே மணத்தை மூக்குக்குத் தூக்கி வருகிறது. சில்லென்ற பானத்தில் அதற்கு வழியில்லை, குளிர் மணத்தை அடக்கவே செய்யும். இங்கே உதவிக்கு வருவது தண்ணீர். தண்ணீர் கூடக் கூட ஆல்கஹாலின் பிடி தளர்கிறது, அதில் கரைந்திருந்த மண எண்ணெய்கள் எளிதாக வெளியேறுகின்றன. அந்தத் தண்ணீரைத் தருவது ஐஸ். ஐஸ் உருகிப் பானம் நீர்த்துப்போகிறதே என்று வருந்துகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை: ஐஸ் உருகாமல் பானம் இவ்வளவு குளிராது. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பம், ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரி சூடாக்கப் போதுமானது. பிளாக்பெர்ரி சேர்க்கும் முன்னுள்ள சுமார் 87 மில்லி கலவையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறக்க ஏறத்தாழ 30 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அளவில் அது பாகைவிட, எலுமிச்சைச் சாற்றைவிட அதிகம்.

செய்முறை சுருக்கமானது. சம அளவு சர்க்கரையையும் தண்ணீரையும் கரைத்துப் பாகு எடுங்கள், கம்பிப் பதம் வேண்டாம். எலுமிச்சையை அப்போதே பிழியுங்கள். பாட்டில் சாறு இந்தப் பானத்தைக் கெடுத்துவிடும். ஜின், சாறு, பாகு மூன்றையும் இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் பெரிய ஐஸ் கட்டிகளோடு 15 நொடி பலமாகக் குலுக்குங்கள். அதற்குள் கலவை குளிர்ந்துவிடும், பிறகு உருகுவதும் மெதுவாகும். இன்னும் சில கட்டிகளைத் துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் நொறுக்கி, டம்ளர் நிறையப் போட்டு, அதன்மேல் வடிகட்டுங்கள். ஐஸில் சிக்கனம் பார்க்காதீர்கள். குறைவாகப் போட்டால் மொத்தமும் உருகி, பானம் நீர்த்தும் போகும், வெதுவெதுப்பாகவும் ஆகும்.

குலுக்கும் முன் ஒரு சொட்டு ருசித்துப் பாருங்கள். இனிப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும். குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்பு மங்கும் என்பதால் அதுதான் சரியான அளவு.

கடைசியில் பிளாக்பெர்ரி லிக்கர். இதைக் கலக்காமல் மேலிருந்து ஊற்றுங்கள். சர்க்கரை நிறைய இருப்பதால் கனம் அதிகம். நொறுங்கிய ஐஸின் இடுக்குகள் வழியே கோடு கோடாக இறங்கும். பழத்தின் கருநீலத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் நிறமி அமிலம் பட்டால் சிவக்கும். எலுமிச்சையைத் தொட்ட இடத்தில் அது செந்நிறமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லிக்கர் கிடைக்காவிட்டால் பழத்தைச் சர்க்கரையோடு நசுக்கி, சற்று ஊறவைத்து வடிகட்டினால் போதும். மணம் கொஞ்சம் குறையும், புத்துணர்ச்சி குறையாது.

ஒன்றை மறக்காதீர்கள். குளிரும் இனிப்பும் ஆல்கஹாலின் காரத்தை மறைக்கும், அளவைக் குறைக்காது. 40 சதவீத ஜின் 50 மில்லியில் மட்டும் சுமார் 16 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பழச்சாறு போல மடமடவென்று குடிக்காதீர்கள். குடித்த அன்று வண்டியை எடுக்கவே வேண்டாம்.