கொல்லிமலை வண்டிக்கு ஆயில் வால்வு தேவையா?

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கிச் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் கொல்லிமலைச் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். மேலே போன பிறகும் பெரக்கரை நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்று பரந்து கிடக்கும் சிற்றூர்களுக்கு ஏறியும் இறங்கியும்தான் போக வேண்டும். மரவள்ளிக் கிழங்கும் மிளகும் வாழைத்தாரும் பலாவும் கீழே சந்தைக்கு இறங்குவது பிக்கப் வண்டிகளிலும் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டிகளிலும்தான். பாரத்தோடு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும் எஞ்சினுக்குச் சுழற்சி அதிகம், எதிர்க்காற்று குறைவு. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் கொஞ்சம்தான் ஓடியிருக்கும், ஆனால் ஆயில் நன்றாகக் காய்ந்திருக்கும். இதனால்தான் மலைப்பாதை, தூசி, அதிக பாரம், அடிக்கடி குறுகிய ஓட்டம் ஆகியவற்றைக் ‘கடும் பயன்பாடு’ என்று வண்டிக் கையேடுகள் தனியாகப் பிரித்து, இவற்றுக்கு ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்கின்றன. அடிக்கடி மாற்ற வேண்டிய ஆயிலைச் சுலபமாக வடிக்க ஒரு கருவி இருக்கிறது. ஆயில் சேம்பரின் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி வீசிவிட்டு, அதே மரையில் ஒரு சின்னக் குழாய் வால்வைப் பொருத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஸ்பேனரே வேண்டாம், விரலால் திருப்பினால் ஆயில் இறங்கும். மலை வண்டிக்கு இது நல்ல முதலீடா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான மலை வண்டிகளுக்கு இது வேண்டாம் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வரும் முன், வால்வுக்காகப் பேசுகிறவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். உண்மை நிறையவே இருக்கிறது.

வால்வு மிக எளிமையானது. பித்தளை உடல், அதற்குள் நடுவில் துளையிட்ட ஓர் உருண்டை, உருண்டையைத் திருப்ப வெளியே ஒரு சிறு கைப்பிடி, அவ்வளவுதான். உருண்டையின் துளை குழாயோடு நேராக நின்றால் ஆயில் ஓடும். கால் சுற்று திருப்பினால் துளை குறுக்கே போய் வழி அடைபடும். வீட்டில் கேஸ் அடுப்புக்குப் போகும் குழாயில் உள்ள வால்வும் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஓட்டத்தின் அதிர்ச்சியில் தானாகத் திறந்துவிடக் கூடாதே என்று கைப்பிடியை ஒரு சுருள்வில் பள்ளத்துக்குள் அழுத்தி வைத்திருக்கும். முதலில் கைப்பிடியைத் தூக்க வேண்டும், பிறகு திருப்ப வேண்டும். இரண்டு செயலும் சேர்ந்தால்தான் திறக்கும். ஜப்பானின் ஃபூமோட்டோ நிறுவனம் 1970களிலிருந்து இந்த வகை வால்வைச் செய்துவருகிறது. ‘ஓடும்போது தானாகத் திறந்துகொள்ளும்’ என்று பலரும் சொல்லும் பயத்துக்கு, இந்த அமைப்பைப் பார்த்தால், பெரிய ஆதாரம் இல்லை. வால்வை மறுக்க வேறு காரணங்கள் இருக்கும்போது இந்தப் பொய்க் காரணத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

வால்வு தீர்க்க வந்த நோய் மரை தேய்வது. இப்போதைய சிறு வண்டிகள் பலவற்றிலும், ஏறக்குறைய எல்லா இருசக்கர வண்டிகளிலும், ஆயில் வடிக்கும் துளை அலுமினியத்தில் இருக்கிறது, போல்ட்டோ எஃகு. மென்மையான மரைக்குள் கடினமான மரையை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டினால், தேய்வது எது என்று சொல்லத் தேவையில்லை. தேய்வதைவிட மோசம் அளவுக்கு மீறி முறுக்குவது. 14 மி.மீ போல்ட் ஒன்றுக்குக் கையேடுகள் சொல்லும் முறுக்கு பெரும்பாலும் 40 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். 30 செ.மீ நீள ஸ்பேனரின் நுனியில் 13 கிலோ விசையைக் கொடுத்தால் அது கிடைத்துவிடும். ‘ஒழுகிவிடக் கூடாது’ என்று ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் செருகி அதே 13 கிலோவை அழுத்தினால் 130 நியூட்டன் மீட்டர் ஆகிவிடுகிறது. கைக்கு வித்தியாசம் தெரியாது. அலுமினிய மரைக்குத் தெரியும். ஒருநாள் போல்ட்டைக் கழற்றும்போது மரைச் சுருள் அதனோடு சேர்ந்து வெள்ளிக் கம்பிபோல வெளியே வரும். பிறகு டேப் அடித்துப் பெரிய போல்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் சேம்பரையே மாற்ற வேண்டும். வால்வை ஒருமுறை சரியாகப் பொருத்திவிட்டால் மரையைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. இது வால்வுக்காகச் சொல்லப்படும் மிக வலுவான நியாயம், முழு உண்மையும்கூட.

‘சீக்கிரம் வடியும்’ என்பது அப்படியல்ல. வேலை செய்பவரின் கைக்கு நேரம் மிச்சம், ஆயிலுக்கு இல்லை. 12 மி.மீ துளைக்குப் பதிலாக வால்வுக்குள் 8 மி.மீ துளை இருந்தால், ஆயில் போகும் வழியின் பரப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. போல்ட்டைக் கழற்றினால் தடித்த தாரையாகக் கொட்டி, அடியில் படிந்த கசடைச் சுழற்றி இழுத்துக்கொண்டு வரும் ஆயில், வால்வு வழியே மெல்லிய நூலாக இறங்கும். இன்னொன்று, வால்வின் கழுத்து சேம்பருக்குள் சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த உயரத்துக்குக் கீழே உள்ள ஆயில் வெளியே வராது. 30 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம் உள்ள தட்டையான சேம்பரில் 5 மி.மீ உயரத்துக்கு ஆயில் தங்கினால் அது 300 மில்லி. 6 லிட்டர் கொள்ளும் எஞ்சினில் இருபதில் ஒரு பங்கு. இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் போல்ட்டைக் கழற்றினாலும் உள்வழிகளில் பழைய ஆயில் கொஞ்சம் தங்கத்தான் செய்கிறது. மலையில் இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. சமதரை கிடைக்காத வாசலில், பத்துக்கு ஒன்று சரிவில் வண்டியை நிறுத்தி வடித்தால், அதே 30 செ.மீ சேம்பரின் ஒரு முனை மறுமுனையைவிட 3 செ.மீ தாழ்ந்திருக்கும். துளை மேட்டுப் பக்கம் அமைந்துவிட்டால் வால்வு தேக்குவதைவிடப் பல மடங்கு பழைய ஆயில் உள்ளேயே நின்றுவிடும். நல்ல ஆயில் வாங்கிப் போடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்தச் சரிவை.

இனி வண்டியின் அடிவயிற்றுக்கு வருவோம். மலை வண்டிக்கு வால்வு வேண்டாம் என்று நான் சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது. போல்ட்டின் தலை சேம்பருக்குக் கீழே சுமார் ஒரு செ.மீ துருத்தும். வால்வோ அதைவிட இரண்டு மூன்று செ.மீ கூடுதலாகத் தொங்கும். போதாததற்கு, பக்கவாட்டில் நீட்டிய கைப்பிடி வேறு. தார்ச்சாலையில் இது ஒரு பொருட்டே அல்ல. மழையில் மண் அரித்துக் கல் எழும்பி நிற்கும் தோட்டத்து வழியில், சக்கரத் தடம் இரண்டும் ஆழமாகி நடுவே மேடு நின்றுவிட்ட இடத்தில், பாரம் ஏற்றியதால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் வண்டிக்கு அந்த மூன்று செ.மீ பெரிய தூரம். உண்ணிச்செடிக் குச்சியும் கைப்பிடியில் சிக்கும். சுருள்வில் பூட்டு அதைத் தாங்கிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். பித்தளைக் கழுத்தில் ஒரு கல் நேராக மோதினால் எந்தப் பூட்டும் உதவாது. கழுத்து முறிந்து 8 மி.மீ வழி திறந்துகொண்டால், 5 லிட்டர் சூடான ஆயில் இரண்டு மூன்று நிமிடங்களில் பெரும்பாலும் காலியாகிவிடும். மணிக்கு 30 கி.மீ வேகத்தில் அது ஒரு கி.மீக்கும் மேற்பட்ட தூரம். ஆயில் விளக்கு எரிவதை ஓட்டுநர் கவனிக்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் பேரிங்குகள் பிடித்து எஞ்சின் நின்றுவிடும். அதைவிடக் கொடுமை, அந்த ஒரு கி.மீ வளைவுகளில் ஊற்றிக் கிடக்கும் ஆயில்மேல் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் குடும்பத்தோடு இறங்கி வருவது.

‘வால்வில் இடிக்கிற கல் சேம்பரிலும் இடிக்காதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இடிக்கும்தான், ஆனால் ஒரே மாதிரி அல்ல. சேம்பர் அகலமான பரப்பு. கல் அதில் உரசிச் சறுக்கும், இரும்புச் சேம்பராக இருந்தால் ஒடுங்கும். பல நேரம் அதோடு போய்விடும். வால்வு தனியாகத் தொங்கும் ஒரு நெம்புகோல். கல் தரும் உதை முழுவதும் மெல்லிய கழுத்தில் வந்து சேர்கிறது. அதே சமயம், எல்லா வண்டியும் ஒன்றல்ல என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சில எஞ்சின்களில் வடிகால் துளை சேம்பரின் பக்கவாட்டிலோ பின்முகமாகவோ இருக்கும். முன்னால் ஒரு குறுக்குச் சட்டமோ காப்புத் தகடோ நிற்கும். அத்தகைய வண்டியில் வால்வு மறைவாக உட்கார்ந்துவிடுகிறது, என் மறுப்பும் பாதி வலுவிழக்கிறது. சேம்பரின் மிகத் தாழ்ந்த இடத்தில் நேர் கீழ்நோக்கித் துளை உள்ள வண்டிக்கும், எஞ்சினுக்கு அடியில் வேறு காப்பே இல்லாத மோட்டார் சைக்கிளுக்கும் நான் சொல்வது முழுமையாகப் பொருந்தும்.

அப்படியானால் இந்த வால்வு யாருக்கு? இரண்டு கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் பதில் தெளிவாகும். ஆண்டுக்கு எத்தனை முறை ஆயில் மாற்றுகிறோம் என்பது ஒன்று. எஞ்சினுக்கு அடியில் என்ன கடந்து போகிறது என்பது மற்றொன்று. செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் இத்தகைய வடிப்பு வால்வைப் பரவலாகப் பார்க்கலாம். அவற்றின் லைகமிங் எஞ்சின்களுக்கு வடிகட்டி இருந்தால் 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது, கல் இடிக்கும் பேச்சே இல்லை. வால்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நம் மாவட்டத்திலேயே அதற்கு இணையான ஓர் உதாரணம் இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகின்றன. அவற்றின் கம்பரசரை ஓட்டும் எஞ்சின் லாரியின் முதுகில், தரைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நாளுக்கு 10 மணி நேரம் ஓடி, 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால், 25 நாளுக்கு ஒரு மாற்று. பெரிய எஞ்சின்களில் அது 30 லிட்டரையும் தாண்டும். எங்கோ ஒரு காட்டில், வெயிலில், போல்ட்டைக் கழற்றிக் கொதிக்கும் 30 லிட்டரைக் கைமேல் வாங்குவதற்குப் பதில் வால்வில் ஒரு ஹோஸை மாட்டி நேராக டிரம்முக்குள் இறக்குவது எவ்வளவோ மேல். ஜெனரேட்டருக்கும், ஓரிடத்தில் நின்றே ஓடும் டீசல் பம்பு எஞ்சினுக்கும் இதே தீர்ப்புதான். நாமக்கல்லின் நெடுஞ்சாலை லாரிகளுக்கு ஆயில் மாற்றும் இடைவெளி இப்போது வெகுவாக நீண்டுவிட்டது. ஆண்டுக்கு ஓரிரு முறை திறக்கும் மரைக்காக வால்வு தேடுவதில் பெரிய லாபம் இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்ப இடையிடையே ஆயில் மாதிரி எடுக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் அது பயன்படும்.

எனக்குத் தயக்கம் தருகிற வாதம் ஒன்றே ஒன்று. அது வண்டியைப் பற்றியது அல்ல, வடிப்பவரின் கையையும் மண்ணையும் பற்றியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, சுத்திகரிக்காத, குறைவாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்களைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எஞ்சினில் ஓடிக் கறுத்த ஆயிலில் எரிபொருள் எரிந்த நச்சுக் கரிப்பொருள்களும் சேர்கின்றன. தினமும் முழங்கை வரை அதில் நனையும் பட்டறைப் பையன்களின் தோலுக்கு வால்வு ஒரு பாதுகாப்புதான். கொட்டிச் சிந்தும் ஆயிலும் குறையும். ஒருமுறை மாற்றும் ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல நீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இந்த வாதத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இந்தப் பாதுகாப்பு வால்வு இல்லாமலும் கிடைக்கும். நைட்ரைல் கையுறை, அகன்ற வாய்த் தட்டு, ஒரு புனல், மூடியுள்ள கேன், வண்டியைக் கொஞ்சம் ஆறவிடும் பொறுமை ஆகியவை போதும். வால்வு வைத்துக்கொண்டு ஹோஸை ஓடைப் பக்கம் நீட்டினால் யாருக்கு என்ன நன்மை?

ஆகவே பெரக்கரை நாட்டில் பிக்கப்போ பைக்கோ வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இது. வால்வுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு டார்க் ரெஞ்சும் ஒரு கட்டு செம்பு வாஷரும் வாங்குங்கள். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் ரெஞ்ச் பொதுவாகவே இருக்கலாம். ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள். போல்ட்டை முதல் மூன்று சுற்று விரலாலேயே ஏற்றிவிட்டு, கையேடு சொல்லும் முறுக்கோடு நிறுத்துங்கள். சமதரையில் வடியுங்கள். வடித்த ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். கேனில் மூடி வைத்து, கீழே இறங்கும்போது, அவர்களுக்குக் கொடுக்கும் பட்டறையில் சேர்த்துவிடுங்கள். மலையில் மண்ணில் ஊற்றுவது மலையோடு நிற்பதில்லை. ஆகாயகங்கை அருவியாக விழும் ஐயாறு கீழ்நாட்டு வயல்களுக்குத்தான் பாய்கிறது.