கூட்டு மாத்திரையும் ஏழையின் மடியும்

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவனுக்கும், கால் பிசகிக் கட்டுப் போட்டுக்கொண்டவனுக்கும் மருந்துக் கடையில் பேரம் பேசும் மனநிலை இராது. நோவு தணிந்தால் போதுமென்று கேட்ட விலையைக் கொடுத்துவிடுவான். ஆகையால் அவன் பொருட்டுக் கணக்குப் பார்ப்பது பிறர் கடமையாகிறது.

இரு மருந்துகளைச் சேர்த்து உண்பதே தவறென்று நாம் கூறவில்லை. பாரஸிட்டமாலும் இபுபுரோபெனும் வெவ்வேறு வழியில் வேலை செய்பவை. பல் சிகிச்சைக்குப் பின் உண்டாகும் நோவைக் குறித்த பரீட்சைகளைத் தொகுத்து 2013-ல் காக்ரேன் சங்கத்தார் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதன்படி 500 மில்லிகிராம் பாரஸிட்டமாலையும் 200 மில்லிகிராம் இபுபுரோபெனையும் சேர்த்து 16 பேருக்கு அளித்தால், போலி மாத்திரையால் கிட்டாத நிவாரணம் ஏறக்குறைய 10 பேருக்குக் கிட்டுகிறது. நியூயார்க் நகரில் கைகால் நோவுடன் அவசர சிகிச்சைக்கு வந்த 411 பேரிடம் நடந்த பரீட்சை 2017-ல் பிரசுரமாயிற்று. இவ்விரண்டையும் அதிக அளவில் சேர்த்து உண்டவர்களுக்கும், அபினி வர்க்க மருந்து கலந்த மாத்திரைகளை உண்டவர்களுக்கும் இரண்டு மணி நேரத்தில் சொல்லத்தக்க பேதமில்லை. அபினி வர்க்க மருந்துகளின் போதைப் பழக்கத்தால் பெருந்துன்பம் அடைந்த தேசத்தில் இது சாமானியச் செய்தியன்று.

ஆனால் இந்தக் குணம் மருந்துகளுக்கு உரியது. இரண்டையும் ஒரே மாத்திரையாக இறுக்கியதால் பிறந்ததன்று. தனித்தனியே இரு மாத்திரைகளை வாங்கி ஒருங்கே விழுங்கினாலும் பலன் அதுவே. விலையில்தான் வித்தியாசம். 2013-ம் வருஷத்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, அட்டவணையிலுள்ள மருந்துகளுக்கு உச்சவிலை உண்டு. அட்டவணையில் இல்லாதவற்றின் விலையை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வரை உயர்த்தலாம். கூட்டு மாத்திரைகளிடத்து வியாபாரிகளுக்குள்ள அபிமானத்தின் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

சர்க்கார் சும்மா இருந்ததென்று சொல்வதற்கில்லை. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அவ்வருஷ டிசம்பரில் டில்லி ஹைகோர்ட்டு அத்தடையை ரத்து செய்தது. மீண்டும் 2018-ல் 328, 2024 ஆகஸ்டில் 156. இக்கடைசி ஜாபிதாவில் 50 மில்லிகிராம் அஸிக்ளோபினாக்குடன் 125 மில்லிகிராம் பாரஸிட்டமால் கலந்த மாத்திரையும் இருந்தது. வளர்ந்த மனிதனுக்கு 125 மில்லிகிராம் எந்த மூலைக்கு!

கூட்டு மாத்திரையில் மற்றோர் ஆபத்தும் உண்டு. பெயர் வேறாயிருப்பதால், உள்ளே பாரஸிட்டமால் இருப்பதை அறியாமல், காய்ச்சலுக்கென்று அதையே தனியாகவும் உண்பவர் பலர். நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேற்பட்டால் ஈரல் கெடும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உடையோருக்கு இபுபுரோபென் ஆகாது. டெங்குக் காய்ச்சலிலும் அதை விலக்க வேண்டும். மாத்திரைகள் தனித்தனியே இருந்தால், ஆகாததை நிறுத்தி மற்றதை மட்டும் உண்ணலாம். மருந்துச் சீட்டில் வியாபாரப் பெயரை விட்டு, மருந்தின் பெயரையே தனித்தனியாக எழுதும்படி நேயர்கள் தங்கள் டாக்டரைக் கேட்பார்களாக.