கடல் நடுவே உழைக்கும் கரங்கள்

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை வேளை, பங்கு இல்லத்துக்கு ஒரு தாய் வந்தார். கொணர்ந்த காகிதங்களை மேசைமேல் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாது நின்றார். பின்னர், “சாமி, மகளுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. உடம்பு பிடித்துவிடும் வேலையாம். அக்கம்பக்கத்தில் சொல்லக் கூச்சமாயிருக்கிறது. அவளை அனுப்பினால் பாவமா, சாமி?” என்று கேட்டார்.

அன்றிரவு அக்கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. நம் பங்குகளின் பிள்ளைகள் கடல் கடந்து பிழைக்கச் செல்லும் இக்காலத்தில், அது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று. ஆகவே அன்பு வாசகர்களோடு அதுபற்றிச் சிறிது சிந்திக்க விழைகின்றோம்.

உல்லாசக் கப்பல் மிதக்கும் ஓர் ஊர். 2024 சனவரியில் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் கப்பலில் பணியாளர் மட்டுமே ஏறத்தாழ 2,350 பேர். இத்தகைய கப்பல்களில் சமைப்போர், அறை கூட்டுவோர், இசைப்போர் ஆகியோருடன் மசாஜ் செய்வோரும் உளர். எண்ணெயிட்டுப் பிடித்துத் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துவதே அவர்கள் பணி. விருந்தினரின் உடல் துணியால் போர்த்தப்பட்டிருக்கும். பிடித்துவிடும் பகுதி மட்டுமே விலக்கப்படும். இத்தொழிலை முறையாகப் பயின்றிருத்தல் வேண்டும். தீயணைத்தல், முதலுதவி, கடலில் உயிர் காத்தல் ஆகியவற்றிலும் அவர்கள் பயிற்சி பெறுகின்றனர்.

இதில் இழிவு எங்கே இருக்கிறது? குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களில் எண்ணெய் வார்த்த சமாரியனின் கைகளை நம் ஆண்டவர் முன்மாதிரியாகக் காட்டினார். தாமே குனிந்து சீடரின் பாதங்களைக் கழுவினார். உழைப்பின் மதிப்பு, செய்யப்படும் வேலையின் வகையைவிட, அதைச் செய்பவர் மனிதர் என்பதிலேயே தங்கியுள்ளது எனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-ஆம் ஆண்டின் ‘லபோரெம் எக்ஸெர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலில் தெளிவுறுத்தினார். பிறர் நோவைத் தணிக்கும் கைகளைக் கண்டு நாம் ஏன் நாணவேண்டும்?

எனினும் அப்பணியின் பாரங்களை மறைத்தலாகாது. கப்பல் கரையைத் தொடாது செல்லும் நாள்களில் விருந்தினர் கூட்டம் மிகும். அடுத்தடுத்துப் பலரைக் கவனிக்க வேண்டும். பெருவிரலும் மணிக்கட்டும் தேய்ந்து நோகும். பல கப்பல்களில் இவர்களை அமர்த்துவது கப்பல் முதலாளி அல்லர். ஸ்பாவைக் குத்தகைக்கு எடுத்த வேறொரு நிறுவனம். வருவாயின் பெரும்பகுதி தரகுத் தொகையாகவே கிடைப்பதுண்டு. தைலங்களையும் களிம்புகளையும் விற்றுத் தர வேண்டும் என்ற நெருக்கடியும் உண்டு. தகாத எண்ணத்தோடு வரும் விருந்தினரும் இல்லாமற்போகார். அந்நிலையில் பணியை அக்கணமே நிறுத்தி வெளியேறி, மேலாளரிடம் முறையிடும் துணிவு பிள்ளைக்கு வேண்டும்.

இங்கே சட்டம் துணை நிற்கிறது. 2006-இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. 2015-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. கப்பலில் எப்பணி செய்வோரையும் அது கடற்பணியாளராகவே கருதுகிறது. எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு, மாதந்தோறும் ஊதியம், கப்பலிலேயே முறையிடும் வழி, ஒப்பந்தம் முடிந்ததும் செலவின்றி ஊர் திரும்பும் உரிமை ஆகியவற்றை அது உறுதி செய்கிறது. வேலை வாங்கித் தருவதற்காகத் தொழிலாளியிடம் பணம் பெறுவதையும் அது தடை செய்கிறது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, மாலுமிச் சான்றேடு போன்றவற்றின் செலவு மட்டுமே அவரைச் சாரும்.

அத்தாய் கொணர்ந்த காகிதங்களைப் புரட்டினோம். முகவர் கேட்ட தொகை ஒன்றரை இலட்சம்! தம் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க அவர் இசைந்திருந்தார். அடிப்படை ஊதியம் எவ்வளவு என்பதோ, அமர்த்தும் நிறுவனம் எது என்பதோ அதில் இல்லை. “அம்மா, மகளின் தொழிலில் பாவமில்லை. இந்தக் காகிதத்தை நம்பி அவளை அனுப்புவதுதான் ஆபத்து” என்றோம். மத்திய அரசின் உரிமம் உண்டா என மகள் கேட்டதும், முகவர் பேச்சை மாற்றினார். அவ்வழி கைவிடப்பட்டது. ஏழு மாதங்களுக்குப் பின், உரிமம் பெற்ற வேறொருவர் மூலம் அவள் கப்பலேறினாள்.

கடலிலும் திருச்சபை தன் பிள்ளைகளைக் கைவிடுவதில்லை. 1920-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தோன்றிய கடல்சார் திருத்தூதுப் பணி, இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்னும் பெயரில் பல நாட்டுத் துறைமுகங்களில் செயல்படுகிறது. கடலின் விண்மீனாம் அன்னை மரியாவின் பெயர் அது. அதன் குருக்களும் தொண்டர்களும் கப்பலேறி மாலுமிகளைச் சந்திக்கின்றனர், முறையீடுகளுக்குச் செவிசாய்க்கின்றனர். பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோர் இப்பெயரையும் சொல்லியனுப்புங்கள்.

அப்பெண் அண்மையில் தாய்க்கு அனுப்பிய செய்தியை அவர் நமக்கு வாசித்துக் காட்டினார். கைவலி இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை எது என்பதே சில வாரம் மறந்துபோகிறதாம், அறைத் தோழியான பிலிப்பீன்சுப் பெண்ணோடு இரவில் செபமாலை சொல்கிறாளாம். “இப்போது அக்கம்பக்கத்தில் என்ன சொல்கிறீர்கள்?” என்று வினவினோம். “உள்ளதைச் சொல்கிறேன், சாமி” என்றார் அத்தாய்.

யூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறு. அன்று திருப்பலியில், மீன்பிடிப்போரோடும் மாலுமிகளோடும், இப்பிள்ளைகளையும் நினைவுகூர்வோம்.