பேசாத இளவரசன், பேசி ஓயாத துணை

60 நிமிடம் தருவார்கள். அதற்குள் பாதாளச் சிறையிலிருந்து தப்பி, கோட்டைக்குள் ஏறி, மந்திரி ஜாஃபரை வென்று இளவரசியை மீட்க வேண்டும். ஜோர்டான் மெக்னர் உருவாக்கி, 1989-இல் பிராடர்பண்ட் நிறுவனம் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் கதை இவ்வளவுதான். தொண்ணூறுகளில் நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர்களில் டாஸ் கற்றுக்கொண்ட பலருக்கும் இந்த வெள்ளை உடைக்காரனைத் தெரிந்திருக்கும். பிளாப்பியில் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தவன். தொடங்கும்போது 'பிரின்ஸ்' என்பதோடு 'மெகாஹிட்' என்றும் சேர்த்துத் தட்டினால் லெவலைத் தாண்டிப் போகலாம், நேரத்தையும் கூட்டிக்கொள்ளலாம் என்பது அன்றைய பெரிய ரகசியம்.

ஆட்டம் எப்படியிருந்தது என்பதை அந்தக் கடிகாரத்திலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும். செத்தால் அந்த லெவலின் தொடக்கத்துக்குத் திரும்புவோம். கடிகாரம் மட்டும் திரும்பாது. நடுநடுவே இளவரசியின் அறையைக் காட்டுவார்கள். அங்கே மணற்கடிகாரத்தில் மணல் இறங்கிக்கொண்டிருக்கும். இளவரசிக்கு எவ்வளவு அவசரமோ அவ்வளவு அவசரம் ஆடுபவருக்கும். கதையின் வேகத்துக்கும் ஆட்டத்தின் வேகத்துக்கும் ஒரே கடிகாரம். இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தும் தேவையே அங்கே எழவில்லை.

உடம்புக்கும் ஒரு நிஜம் இருந்தது. மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் எடுத்து, அதைப் பார்த்துப் படம் படமாக வரைந்தார். அதனால் இளவரசன் மற்ற கேம்களின் பொம்மைகளைப் போலச் சட்டென்று நிற்கமாட்டான். ஓடிவந்தவன் இரண்டடி சறுக்கித்தான் நிற்பான். அந்த இரண்டடிக்குள் பள்ளம் இருந்தால் கீழே கழுமுனைகள். பார்க்க அழகாயிருந்த அதே அசைவுதான் ஆடுவதைக் கடினமாக்கியது. பயத்தையும் அதுவே தந்தது.

இத்தனை வருஷம் கழித்தும் நான் வியப்பது நான்காவது லெவலை. வெளியேறும் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால், சற்றுமுன் இல்லாத ஆளுயரக் கண்ணாடி ஒன்று வழியை மறித்து நிற்கிறது. நடந்து போனால் முட்டுகிறது. ஓடிவந்து தாவினால், இளவரசன் அதற்குள் பாய்ந்து மறுபுறம் போகிறான். அதே நொடியில் எதிர்த்திசையில் அவனுடைய நிழலுரு குதித்து ஓடுகிறது. உயிர்ப்புள்ளி ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது. யாரும் எதையும் விளக்குவதில்லை. அடுத்த லெவலில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அந்த நிழல் நம் கண்ணெதிரே குடித்துவிட்டுப் போகும். அதற்கடுத்ததில், நாம் தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடிக் கீழே விழவைக்கும். ஆத்திரம் ஏறும். கடைசியில் அது வாளோடு எதிரே நிற்கும்போது யாரானாலும் குத்தத்தான் பாய்வார்கள். குத்தினால் நம் உயிரும் குறைகிறது! செய்யவேண்டியது வாளை உறையில் போடுவது. அதுவரை காவலன் முன்னால் வாளை உறையிலிட்டவன் ஒரே வெட்டில் செத்தான். ஆட்டம் நமக்கு அப்படித்தான் பழக்கியிருந்தது. அந்தப் பழக்கத்தை நாமே உடைத்ததும் இரண்டு உருவமும் ஓடிவந்து ஒன்றாகின்றன. முன்னே வெறும் வெளி. ஓடினால் காலடியில் தரை தோன்றுகிறது. தன்னோடு தானே சமாதானம் ஆனவனின் கதையை ஒரு வரி வசனமும் இல்லாமல் நம் கையாலேயே நடத்திவிட்டார்கள்.

இந்த நிழல் பிறந்ததே பற்றாக்குறையால்தான். எதிரிகளுக்கெனப் புதுப் படங்கள் வைக்க நினைவகத்தில் இடமில்லை. சண்டை இல்லாவிட்டால் கேம் சப்பென்று இருக்கிறது என்று தோழி டோமி பியர்ஸ் விடாமல் நச்சரித்தார். இளவரசனின் படங்களையே ஒரு சின்னக் கணக்கு வித்தையால் மினுமினுக்கும் நிழலாக மாற்றினார் மெக்னர். அது நன்றாக அமைந்துவிடவே, காவலர்களுக்கும் எப்படியோ இடம் ஒதுக்கினார்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அன்று ஆடியவர்களில் எத்தனை பேர் அந்தக் கண்ணாடிவரை போயிருப்பார்கள்? முதல் மூன்று லெவலில் கழுமுனையில் விழுந்து விழுந்தே பலருக்குக் கதை முடிந்துபோனது. இளவரசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: எட்டாவது லெவலில் கதவு மூடிக்கொண்டு இளவரசன் மாட்டிக்கொள்ளும்போது ஒரு எலியை அனுப்பித் திறக்கவைப்பதுதான் அவள் செய்யும் ஒரே காரியம். அதற்கும் முன்னே, 1986-இல் வந்த ஜப்பானின் 'செல்டா' போன்ற கேம்களில் கதையின் பெரும்பகுதி கூடவே வந்த அச்சுப் புத்தகத்தில்தான் இருந்தது.

சிடி வந்ததும் இடப் பஞ்சம் தீர்ந்தது. கையும் கதையும் அங்கேதான் பிரிந்தன. குரல், இசை, திரைப்படம் போன்ற காட்சிகள் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது. கொஞ்ச நேரம் நாம் ஆடுவோம். பிறகு கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு 'கட்சீன்' பார்ப்போம். பழைய தமிழ்ப் படங்களில் ஸ்டன்ட் மாஸ்டர் பொறுப்பேற்றதும் கதை ஓரமாகப் போய் நின்றுகொள்ளுமே, அதே ஏற்பாடு. ஹிடியோ கொஜிமாவின் 'மெட்டல் கியர் சாலிட் 4' (2008) இதன் உச்சம்: அதன் முடிவுக் காட்சிகள் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதை ரசித்தவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. 1998-லேயே 'ஹாஃப் லைஃப்' ஒரு தடவைகூட நம் கட்டுப்பாட்டைப் பறித்துக் கட்சீன் காட்டாமல் முழுக்கதையையும் சொல்லிக் காட்டியிருந்தது. ஆனால் அந்த வழியில் போனவர்கள் குறைவு.

பிரிவினை முற்றியபோது விநோதங்கள் நடந்தன. 2013-இல் புதுப்பிக்கப்பட்ட 'டூம்ப் ரெய்டர்' கேமில் லாரா கிராஃப்ட் முதன்முதலாக ஒரு மனிதனைக் கொல்லும் காட்சி பெரிய துயரமாகக் காட்டப்படுகிறது. நடுங்குகிறாள், அழுகிறாள். சற்று நேரத்தில் நம் கையில் அதே லாரா வரிசையாக ஆட்களைச் சுட்டுத் தள்ளுகிறாள். கதை ஒன்று சொல்ல, ஆட்டம் வேறொன்று சொல்லும் இந்த முரணுக்குக் கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-லேயே 'லூடோநரேட்டிவ் டிசொனன்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார். இதே குற்றச்சாட்டைப் பலமுறை வாங்கிய நாட்டி டாக் நிறுவனம், 2016-இல் வெளியிட்ட 'அன்சார்ட்டட் 4' கேமில் 1,000 எதிரிகளை வீழ்த்துபவருக்குத் தரும் விருதுக்கு அந்தப் பெயரையே வைத்தது. குறையைத் திருத்துவதைவிடக் கிண்டலடிப்பது சுலபம்.

இளவரசன் கதைக்கு வருவோம். யுபிசாஃப்டின் மான்ட்ரியல் ஸ்டுடியோ 2003-இல் 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கொண்டுவந்தது. கதை எழுதியவர் மெக்னரே. இங்கே முழு ஆட்டமும் இளவரசன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கும் கதை. நாம் தவறி விழுந்து செத்தால், இல்லையில்லை, அப்படி நடக்கவில்லை என்று அவனே திருத்திக்கொள்கிறான். எல்லா கேம்களிலும் 'செத்துப் பிழைப்பது' கதைக்கு வெளியே கிடக்கும் ஒரு அபத்தம்; இங்கே அது கதைசொல்லியின் நாக்குழறல் ஆகிவிட்டது. காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் குறுவாளும் அப்படியே. ஆடுபவருக்கு அது சலுகை, கதைக்கோ அச்சாணி. எலியை அனுப்பிக்கொண்டிருந்த இளவரசியின் இடத்தில் வில்லெடுத்து நிற்கும் ஃபாரா வந்தாள், இந்திய மகாராஜா ஒருவரின் மகள். சுவரேறும்போதே இருவரும் சண்டைபோட்டுக்கொள்வார்கள். பேச்சுக்காக நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. வாள்சண்டைகள் மட்டும் ஒரே மாதிரி நீண்டு சலிப்பூட்டும், அது நிஜம். அந்த கேமைப் புதிதாக்கும் பொறுப்பு யுபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் இருப்பதாக 2020-இல் அறிவிக்கப்பட்டு, 2022-இல் மான்ட்ரியலுக்கே திரும்பிப் போனது நமக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிறகு வந்தவர்கள் இந்தப் பாடத்தை மெருகேற்றினார்கள். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' (2013) கேமில் ஜோயலும் எல்லி என்ற சிறுமியும் பாழடைந்த அமெரிக்காவைக் கடக்கிறார்கள். உயரமான இடம் வந்தால் ஜோயல் சுவரோரம் கைகோத்து நிற்பான். எல்லி கால்வைத்து ஏறி, மேலிருந்து ஏணியை இறக்குவாள். மணிக்கணக்காக இதையே செய்து பட்டனை யோசிக்காமல் தட்டப் பழகியிருப்போம். சால்ட் லேக் சிட்டிக்கு வந்த பிறகு ஒருநாள் ஜோயல் கைகோத்து நிற்கிறான், எல்லி வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். முந்தைய குளிர்காலத்தில் அவளுக்கு நேர்ந்த கொடுமை ஆடிவந்த நமக்குத் தெரியும். கூப்பிட்ட பிறகு வந்து ஏறுகிறாள். மேலே எதையோ பார்த்து ஏணியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். பின்னால் ஓடினால் ஒட்டகச்சிவிங்கிகள். நமக்கு விருப்பமுள்ளவரை அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவசரப்படுத்த யாருமில்லை. பழகிப்போன ஒரு பட்டன் வேலைசெய்யாமல் போனதில் ஒரு பெண்ணின் மனநிலை புரிகிறது. 1989-இன் வாளும் உறையும் செய்த அதே வேலை.

'காட் ஆஃப் வார்' மாறிய விதம் இன்னும் வெளிப்படையானது. 2005-இல் வந்த முதல் கேமில் கிரேட்டோஸ் கத்துவான், வெட்டுவான், அடுத்தடுத்து மோதல். 2018-இல் கோரி பார்லாக் இயக்கத்தில் வந்தபோது கிரேட்டோஸுக்குத் தாடி நரைத்திருந்தது, கூடவே மகன் அட்ரேயஸ். கேமரா தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஷாட், வெட்டே கிடையாது. சண்டைகளுக்கு நடுவே படகுப் பயணம் வைத்தார்கள். மகன் கதை கேட்கிறான். கிரேட்டோஸ் ஆமையும் முயலும் கதையை இரண்டு வரியில் சுரத்தேயில்லாமல் சொல்லி முடிக்கிறான். சண்டை இல்லை, திருப்பம் இல்லை. ஆனால் அந்த அப்பா யாரென்று அங்கேதான் தெரிகிறது. பின்னால் மிமிர் என்ற பேசும் தலை சேர்ந்துகொண்டு தெய்வங்களின் பழங்கதைகளை அவிழ்க்கும். நடுவில் நாம் கரையிறங்கினால் கதையை நிறுத்திவிடும். சண்டையெல்லாம் முடித்துப் படகேறினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

இத்தனை தேர்ச்சி வந்த பிறகு புதிதாக ஒரு நோய் தொற்றிக்கொண்டது: துணையாக வருபவர்கள் வாயை மூடுவதில்லை. 2022-இல் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னரோக்' கேமில் ஒரு புதிரின் முன் நின்று சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள், அந்தச் சக்கரத்தில் கோடாரியை எறியலாமே என்கிற பாணியில் யாராவது விடையைச் சொல்லிவிடுகிறார்கள். அதே ஆண்டின் 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' நாயகி அலோய் தனக்குத்தானே பேசித் துப்புக் கொடுத்துக்கொள்கிறாள். எங்கே ஏறலாம் என்று காட்ட மஞ்சள் பெயின்ட் வேறு. 2023-இன் 'ரெசிடன்ட் ஈவில் 4' மறுஆக்கத்தில் கிராமத்துப் பெட்டிகளிலெல்லாம் யாரோ மெனக்கெட்டு மஞ்சள் பூசி வைத்திருந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது.

காரணம் புரியாமலில்லை. வெளியிடுவதற்கு முன்பே வெளியாட்களை உட்காரவைத்து ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் கதவு தெரியாமல் ஒரே அறையைச் சுற்றிச்சுற்றி வந்தால், பின்னால் நிற்கும் வடிவமைப்பாளருக்கு வயிற்றைக் கலக்கும். கோடிகளைக் கொட்டி எழுதி நடிக்கவைத்த கதை ஆடுபவர் சிக்கிக்கொண்டதால் பார்க்கப்படாமலே போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. கேம்களின் காட்சிகள் இப்போது புல்லிலிருந்து புகைவரை நுணுக்கமாகிவிட்டதால், எது ஏறக்கூடிய சுவர், எது வெறும் அலங்காரம் என்று கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. உதவி தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள்: 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' (2020) பார்வை, செவி, கை அசைவில் சிரமம் உள்ளவர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட வசதிகளைத் தந்தது. அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்த வசதிகள் கேட்பவருக்குக் கிடைப்பவை. விடைசொல்லும் துணைவனோ கேட்காமலே சொல்கிறான். கண்ணாடியின் முன் நம்மைத் தனியே நிற்கவிட்ட 1989-க்கு இருந்த துணிச்சல் இவர்களுக்கு இல்லை.

வழி தெரியாமலும் இல்லை. 2018-இன் 'ஷாடோ ஆஃப் த டூம்ப் ரெய்டர்' சண்டைக்கு, வழி தேடுவதற்கு, புதிருக்கு என்று கடினத்தை மூன்றாகப் பிரித்துத் தந்தது. புதிரைக் கடினத்தில் வைத்தால் லாரா துப்பு கொடுக்கமாட்டாள். வழி தேடுவதைக் கடினமாக்கினால் சுவரின் வெள்ளைப் பூச்சு மறைந்துவிடும். 2024 ஜனவரியில் யுபிசாஃப்டின் மான்பெல்லியர் ஸ்டுடியோ தந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்' இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதில் இளவரசன்தான் கடத்தப்படுகிறான். மீட்கப் போவது சார்கோன் என்ற வீரன். திறக்க முடியாத கதவோ தாண்ட முடியாத பள்ளமோ வந்தால், அந்த இடத்தைப் படம்பிடித்து வரைபடத்தில் குத்திவைத்துக்கொள்ளலாம். விடை சொல்லாமல் ஞாபகத்துக்கு மட்டும் கைகொடுக்கும் உதவி. சொல்லவேண்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நம்மை ஓடவிட்டுவிடுகிறது.

அந்த கேமைத் தொடங்கும்போது 'கைடட்', 'எக்ஸ்ப்ளோரேஷன்' என்று இரண்டு முறைகளைக் காட்டிக் கேட்பார்கள். முதலாவது, போகவேண்டிய இடத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுக்கும். இரண்டாவது கொடுக்காது. அவசரமில்லாதவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். வெறுத்துப்போனால் அமைப்புகளுக்குப் போய் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.