அளவுகோலான நாணல்

மறைநூல் ஆய்வுகளில் அடிக்கடி வரும் 'கேனானிக்கல்' என்னும் ஆங்கிலப் பெயரடை, திருமறையின் பகுதியாகத் திருச்சபை ஏற்றுக்கொண்ட நூலைக் குறிக்கும். இதன் மூலமான 'கனோன்' என்னும் கிரேக்கச் சொல், நாணலைக் குறிக்கும் 'கானே' என்னும் எபிரேயச் சொல்லோடு உறவுடையது. நேரான கோலை முதலில் சுட்டிய அது, கோல் அளக்கப் பயன்பட்டதால் அளவுகோலையும், பின்னர் நெறியையும், இறுதியில் ஏற்கப்பட்ட நூல்களின் பட்டியலையும் குறிக்கலாயிற்று.

இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் தரும் மிகப் பழைய பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் கி.பி. 367இல் எழுதிய மடலில் உள்ளது. ஆயினும் கத்தோலிக்கத் திருமறையில் 73 நூல்களும் சீர்திருத்தச் சபையாரின் திருமறையில் 66 நூல்களும் இருப்பதால், 'தோபித்து' போன்ற நூல் ஒரு சாராருக்கு மட்டுமே கேனானிக்கல் ஆகிறது.

மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சரின் நூலைப் போல மனக்கோணலைத் தீர்ப்பதே நூலின் மாண்பு என்று நன்னூலும் விளக்குவதால், அளவுகோல் நெறிக்கும் நூலுக்கும் பெயராகும் கருத்து தமிழர்க்குப் புதியதன்று. அளக்கும் கருவியே அறிவின் பெயராவது இரு மரபுகளுக்கும் பொதுவான சிறப்பாகும்.